சிலந்தியைப் பிடிக்கும் குளவியை அழிக்கலாமா?

சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு நாள் மாலை, ஒரு கிராமச் சாவடியில் கூடியிருந்த விவசாயிகளுக்கு, நெல் வயலிலுள்ள சிலந்திகள் செய்யும் உபகாரத்தைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகையானையும் தத்துப்பூச்சியையும் கூலி வாங்காமல் பிடித்துத் தின்னும் காவற்காரன் சிலந்தியே என்றும், அதைக் கண்ட இடத்தில் நசுக்குவது நமக்கு நாமே நஷ்டத்தைத் தேடிக்கொள்வதாகுமென்றும் சொன்னேன். பேச்சு முடிந்தபின் மிராசுதார் ஒருவர், வயதில் பெரியவர், மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் முன் திறந்து வைத்தார். அதற்குள் கருநிறமான, நீண்ட கால்களையுடைய ஒரு குளவியும், அதைவிடப் பருத்த ஒரு சிலந்தியும் இருந்தன. குளவி செத்துப்போயிருந்தது. சிலந்தியோ செத்ததுபோற் கிடந்தது.

"ஐயா, சிலந்தி நமக்குக் காவற்காரன் என்றீர்கள். அந்தக் காவற்காரனையே காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற திருடன் இவன். என் வரப்பிலே எத்தனையோ பொந்துகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மண்ணெண்ணெயை ஊற்றிவிடட்டுமா?" என்று கேட்டார்.

நானும் முன்பின் யோசியாமல், "அப்படியே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக எழுதப்படுவதாகும். ஏனெனில் அந்தப் பெரியவர் சொன்னதைச் செய்கிறவர். அவர் செய்ததைப் பார்த்து அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் செய்தார்கள். சிலர் ஒரு படி மேலே போய், குளவிக்குப் புகலிடம் கொடுக்கிறதென்று வரப்புப் புல்லையும் கொளுத்திவிட்டார்கள். அறுவடைக்குப் பின் அந்தப் பக்கம் போனபோது, வரப்புகள் கரியாய்க் கிடந்ததைக் கண்டு எனக்கு மனம் துணுக்குற்றது. நாற்றங்கால் இல்லாத காலத்திலும், வயல் காய்ந்து கிடக்கும் காலத்திலும், சிலந்திகள் ஒதுங்கி உயிர் தப்பியிருப்பது அந்த வரப்புப் புல்லிலேதான். காவற்காரனைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் அவன் குடியிருந்த வீட்டையே கொளுத்தினார்கள். அதற்கு உத்தரவு கொடுத்தவன் நான்.

குளவியைப் பற்றி எனக்கு அதுவரையில் தெரிந்திருந்ததெல்லாம் புத்தகத்திற் படித்த நாலு வரிகளே. சிறுவயது முதல் எத்தனையோ தடவை அது சிலந்தியை இழுத்துச் செல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நின்று பார்த்ததில்லை. பிறகு இரண்டு பருவகாலம், வேலை ஒழிந்த வேளைகளில், வரப்பிலும் களத்து மேட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததையும், இவ்விஷயத்தில் அறிஞர்கள் கண்டு எழுதி வைத்திருப்பதையும் சேர்த்துக் கீழே சொல்லுகிறேன்.

சிலந்தி வேட்டைக் குளவி என்பது ஒரே ஜாதியன்று. உலகத்தில் ஏறக்குறைய 5,000 இனங்கள் இந்தக் குடும்பத்தில் உள்ளன. இவை செங்குளவியையும் கடந்தையையும் போலக் கூட்டங் கூட்டமாகப் பெரிய கூடு கட்டி வாழ்பவையல்ல. ஒவ்வொரு பெண் குளவியும் தனியே திரிந்து, தனியே வேட்டையாடி, தன் குஞ்சுக்குத் தானே உணவு தேடி வைக்கிறது. ஆண் குளவி வேட்டைக்குப் போவதே கிடையாது; அதற்குக் கொடுக்கும் இல்லை. வளர்ந்த குளவியின் ஆகாரம் பெரும்பாலும் பூவிலுள்ள தேனே. சிலந்தியைப் பிடிப்பது தான் தின்பதற்காக அன்று, தன் புழுவுக்கு ஊட்டுவதற்காகவே. ஆகவே ஒரு குளவி நாள் முழுவதும் சிலந்திகளைத் தின்று தீர்க்கிறதென்று எண்ணுவது தவறு.

வெயில் ஏறிய பிறகே இது வேட்டைக்குப் புறப்படுகிறது. வெறுந்தரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், இரண்டடி பறக்கும், மறுபடியும் இறங்கி ஓடும். ஓடும்போது இறக்கைகளைப் படபடவென்று உதறுவதும், மீசை போன்ற உணர்கொம்புகளால் மண்ணைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும் இதன் அடையாளம். ஒரு முறை கண்டவன் பிறகு மறக்கமாட்டான். மண் வெடிப்பு, கல் இடுக்கு, புல் தூரின் அடி, காய்ந்த சருகு எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துப் பார்க்கும் வேட்டைநாயின் சுறுசுறுப்பு அதனிடம் இருக்கிறது. சிலந்தி போன வழியை வாசனையினாலும், கிட்ட நெருங்கியபின் கண்ணாலும் அறிந்துகொள்ளுகிறது.

வளைக்குள் இருக்கும் சிலந்தியிடம் குளவி பெரும்பாலும் வளைக்குள்ளேயே சண்டைக்குப் போவதில்லை. வாயிலில் நின்று தொந்தரவு கொடுத்து அதை வெளியே வரச் செய்கிறது. அல்லது வாயிலில் நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பற்றி வெடுக்கென்று வெளியே இழுத்துப் போடுகிறது. தன் வீட்டில் வீரனாயிருக்கும் சிலந்தி வெளியே விழுந்ததும் திகைத்துப்போகிறது. வலை பின்னும் சிலந்தியானால், குளவி வந்தது தெரிந்தவுடன் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து ஒளிந்துகொள்ளும். குளவியும் கூடவே இறங்கித் தேடும். இந்தத் தேடலில் சிலந்தி தப்பிவிடுவதும் உண்டு. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தப்பின.

அகப்பட்டுக்கொண்டால் காரியம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. குளவி தன் வயிற்றை முன்பக்கம் வளைத்து, சிலந்தியின் அடிப்பக்கத்தில், கால்கள் வந்து சேரும் இடத்தில் கொடுக்கை ஏற்றுகிறது. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதையும், அந்தப் பாகத்திலேயே எட்டுக் கால்களும் பொருந்தியிருப்பதையும் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கால்களை அசைக்கும் நரம்புகளெல்லாம் ஒரே திரளாக அந்த இடத்திலேதான் இருக்கின்றன. ஆகவே அங்கே விஷம் ஏறியவுடன் எட்டுக் கால்களும் ஒரே கணத்தில் செயலற்றுப் போகின்றன. உயிர் போவதில்லை. பாரிசவாயு கண்ட மனிதனைப்போல் அது கிடக்கிறது.

பிரான்சு தேசத்தில் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915) என்னும் ஓர் ஆசிரியர் இருந்தார். பெரிய செல்வமோ உத்தியோகமோ இல்லாதவர். பூச்சிகளின் நடத்தையைத் தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கவனித்து, 1879 முதற்கொண்டு பத்துப் பாகங்களாக எழுதி வெளியிட்டார். அவர் கவனித்த ஒரு வகைக் குளவி முதற்கொத்தைச் சிலந்தியின் வாயருகே கொடுத்து விஷப் பற்களை முடக்கிவிட்டு, அதன் பிறகே மார்பில் கொட்டிக் கால்களை முடக்குகிறதென்று எழுதியிருக்கிறார். முதலில் ஆயுதத்தைப் பறித்துவிட்டுப் பிறகு கட்டிப்போடும் தலையாரியின் யுக்தி இது. ஃபாபர் இதைப் பிழையே செய்யாத ரண வைத்தியனின் கைத்திறமைக்கு ஒப்பிட்டார். ஆனால் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் பெக்கம் என்னும் கணவனும் மனைவியுமாகத் தனிக்குளவிகளை ஆராய்ந்து 1898ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில், குளவி எப்போதும் குறி தவறாமல் கொட்டுவதில்லையென்றும், சில சமயம் இரை செத்தே போகிறதென்றும், செத்த இரையையும் புழு தின்று வளர்கிறதென்றும் காட்டினார்கள். எனக்கு இவர்கள் சொல்லுவதே பொருத்தமாகப் படுகிறது. தீப்பெட்டியிலிருந்த சிலந்தியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஆறாம் நாள் வரையில் ஊசியால் தொட்டால் வாயருகேயுள்ள உறுப்புகள் சிறிது அசைந்தன. பின்னொரு நாள் எடுத்து வைத்த வேறொன்று மறு நாளே கருத்துச் சுருங்கிவிட்டது.

இனி இரையைக் கொண்டுபோகும் விதம். இதுதான் பார்க்கத் தகுந்த காட்சி. சிலந்தி பெரும்பாலும் குளவியைவிடக் கனமானது; தூக்கிக்கொண்டு பறப்பது எளிதன்று. ஆகையால் அதன் காலின் அடியையோ வாயையோ தாடைகளால் கவ்விக்கொண்டு, பின்புறமாகவே நடந்து இழுத்துச் செல்லுகிறது. களத்து மேட்டில் நான் பார்த்த ஒரு குளவி, வைக்கோற் போரடியிலிருந்து வரப்பு வரையில், என் அடியால் இருபத்தாறு அடி தூரம், மண்கட்டிகளின் மேலேறியும் இறங்கியும் இழுத்துக்கொண்டு போயிற்று. இடையில் பல முறை சிலந்தியைப் போட்டுவிட்டு முன்னே ஓடி, வழியைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தது. வரப்பை அடைந்ததும், சிலந்தியைத் தரையில் விடாமல் ஓர் அறுகம்புல்லின் கவட்டில் ஏற்றி வைத்தது. எறும்புக்குப் பயந்தே இப்படிச் செய்கிறதென்று தோன்றுகிறது. பெக்கம் தம்பதிகளும் இவ்வாறு செடியின் கவட்டில் தொங்கவிடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அதன் பிறகே அது குழி தோண்ட ஆரம்பித்தது. இந்தக் குடும்பத்தில் முதலில் இரை, பிறகு வீடு என்பதே பல இனங்களின் வழக்கம். முதலில் வீடு கட்டுபவையும் உண்டு. முன்கால்களால் மண்ணை வாரிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, நாய் மண்ணைப் பறிப்பதுபோல் பறித்தது. நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டுச் சிலந்தி இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழி தயாரானதும் சிலந்தியை இறக்கி வாயிலருகே வைத்து, தான் உள்ளே போய், திரும்பி, அதை உள்ளே இழுத்துக்கொண்டது. சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்திலேதான் சிலந்தியின் வயிற்றின்மேல் ஒரு முட்டையை ஒட்டுகிறது. ஒரு குழிக்கு ஒரு சிலந்தி. ஒரு சிலந்திக்கு ஒரு முட்டை. இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வெளியே வந்தபின் மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, வயிற்றின் நுனியால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தியது. தளம் போடுகிறவர்கள் திமிசுக்கட்டையால் இடிப்பதுபோல இருந்தது. கடைசியில் சிறு கற்களையும் சருகுத் துண்டுகளையும் மேலே இழுத்துப் போட்டுவிட்டுப் பறந்துபோய்விட்டது. நான் ஒரு குச்சியை நட்டு வைத்திராவிட்டால், அந்த இடத்தை நானே மறுபடியும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வேலை முடிந்த குளவிக் குழிக்கு வெளியே தெரியும் வாயில் கிடையாது. அப்படியானால் அந்தப் பெரியவர் மண்ணெண்ணெய் ஊற்றிய பொந்துகள் யாருடையவை? பெரும்பாலும் நண்டுடையவையும் பிள்ளைப்பூச்சியுடையவையும் சிள்வண்டுடையவையுமாகவே இருக்கவேண்டும். குளவியும் ஒருவேளை பழைய பொந்தொன்றை உபயோகித்திருக்கலாம். ஆனால் திறந்து கிடக்கும் பொந்தில் எண்ணெய் ஊற்றிக் குளவியை ஒழித்தோமென்று நினைப்பது, வீட்டெண் தெரியாமல் ஜப்தி செய்ததற்குச் சமானமே. எண்ணெய்ச் செலவு ஒரு பக்கம். மண்ணைக் கெடுத்தது ஒரு பக்கம்.

மூடிய குழிக்குள் சில நாட்களில் முட்டையிலிருந்து புழு வெளிவந்து, சிலந்தியை உறிஞ்சித் தின்று வளர்ந்து, பட்டுநூற் கூடு கட்டி அதற்குள் உருமாறி, குளவியாக வெளிவருகிறது. குளவியானது ஒரு புழுவைப் பிடித்துவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொட்டித் தன்னைப்போலாக்கிவிடுகிறதென்ற நம்பிக்கை நம் நாட்டில் மிகப் பழையது. குருவை இடைவிடாது நினைக்கும் சீடன் குருவாகவே ஆவான் என்பதற்கு வேதாந்திகள் இதை உவமையாகக் கூறுவர். உவமை நல்லதே, நான் அதில் கைவைக்க வரவில்லை. உள்ளே போனது புழு அல்லது சிலந்தி, வெளியே வந்தது குளவி என்ற மட்டில் பெரியோர்கள் கண்டது உண்மையே. நடுவில் ஒட்டப்பட்ட முட்டையை மாத்திரம் அவர்கள் பார்க்கவில்லை.

வீட்டிலும் இந்த வேட்டையைக் காணலாம். சுவரில் திரியும் பெரிய தட்டைச் சிலந்தியை, பின்பாகம் செம்மையான ஒரு கருங்குளவி துரத்திப் பிடித்துச் சுவரேறி இழுத்துச் செல்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். வேறு சில இனங்கள் சிறு ஜாடி போன்ற மண்ணறைகளைக் கட்டுகின்றன. இவை சிலந்தியின் கால்களை வேரோடு கடித்து எறிந்துவிட்டு உடலை மட்டும் சுமந்து போகின்றன. சுமையும் குறையும், இடுக்கில் தட்டாமலும் போகலாம். ஆனால் நம் வீட்டு உத்திரத்திலும் நிலைப்படியிலும் உருண்டையாக மண்கூடு கட்டி, ஓர் அறைக்குள் பல சிறிய சிலந்திகளை அடைத்து வைக்கும் ஒல்லி இடுப்புக் குளவி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்குமென்று நம் பெண்டிர் சொல்லி அதைக் கலைக்கவிடமாட்டார்கள். காரணம் எதுவாயினும் வழக்கம் நல்ல வழக்கம்.

வேட்டைக்காரனிடமும் திருடுகிறவர்கள் உண்டு. இதே குடும்பத்தில் சில இனங்கள் தாமாக வேட்டையாடுவதேயில்லை. வேறொரு குளவி சிலந்தியை இழுத்துக்கொண்டு போகும்போது பின்னாலேயே போய், சமயம் பார்த்து அந்தச் சிலந்தியின் மூச்சுத் துவாரத்தில் தன் முட்டையைச் செருகிவிட்டு ஓடிவிடுகின்றன. வேறு சில, மூடிய குழியைத் தோண்டி, உள்ளிருக்கும் முட்டையைத் தின்றுவிட்டுத் தம் முட்டையை வைத்து மறுபடி மூடிவிடுகின்றன. பாடுபட்டது ஒருவர், பலன் வேறொருவருக்கு. குத்தகை வழக்குகள் பார்த்துப் பழகிய கிராம அதிகாரிகளுக்கு இது புதிதாயிராது.

இனி எங்கள் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். சிலந்தி நமக்கு உதவி. அதைக் குளவி பிடிக்கிறது. ஆகவே குளவி நமக்குச் சத்துரு. கேட்பதற்கு நியாயமாகத்தானிருக்கிறது. எங்கள் இலாகாவின் விளம்பரப் படங்களும் இந்த நியாயத்துக்குத்தான் இடங்கொடுக்கின்றன. ஒரு பக்கம் "நன்மை செய்யும் பூச்சிகள்", மற்றொரு பக்கம் "தீமை செய்யும் பூச்சிகள்" என்று கோடு கிழித்துப் படம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். பத்து நிமிஷத்தில் பத்துப் பேருக்குப் புரியவைக்க அது செளகரியமான முறை. ஆனால் வயலில் அந்தக் கோடு இல்லை. சிலந்தியும் தத்துப்பூச்சியைத் தின்னும்போதே நமக்கு நன்மை செய்யும் வேறு சிறு பூச்சிகளையும் தின்னுகிறது. அதற்காகச் சிலந்தியைப் பகைவர் பக்கத்தில் மாற்றி எழுதுவோமா? ஒவ்வொரு ஜந்துவும் எத்தனையைத் தின்னுகிறது, அதன் இடத்தை நிரப்ப எத்தனை பிறக்கிறது என்று கணக்குப் பார்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். நெல்வயலில் தூரடியில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி தினம் 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னுமென்றும், மூன்று நான்கு மாத ஆயுளில் ஒரு பெண் சிலந்தி 200 முதல் 400 முட்டைகள் இடுமென்றும் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1987ஆம் வருஷத்தில் வெளியிட்ட கைப்புத்தகத்திற் காண்கிறது. குஞ்சுகள் பொரிந்ததும் தாயின் முதுகிலேறிச் சவாரி செய்வதை வயலில் இறங்குகிறவர்கள் பார்த்திருக்கலாம். குளவியோ ஒரு முட்டைக்கு ஒரு சிலந்தி வீதம், அதையும் தேடி, துரத்தி, கொட்டி, இழுத்து, குழி தோண்டி, மூடி, அரை நாள் பாடுபட்டே எடுக்கிறது. அதுவும் வெயிலுள்ள வேளையில், பெரும்பாலும் வரப்பும் மேட்டு நிலமுமான இடத்தில். தண்ணீர் நிற்கும் வயலின் நடுவே, மூடிய பயிரின் அடியில் ஓடும் சிலந்திகளிடம் அது அதிகமாகப் போவதை நான் காணவில்லை. இந்த வேட்டையினால் வயலிற் சிலந்தி அற்றுப்போகுமென்பது நடவாத காரியம். இன்னும் சொல்லப்போனால், வரப்பில் இந்தக் குளவி அடிக்கடி தென்படுகிறதென்றால், அதற்கு வேண்டிய சிலந்தி அங்கே ஏராளமாக இருக்கிறதென்பதே பொருள். இரையில்லாத இடத்தில் வேட்டைக்காரன் ஏன் சுற்றுகிறான்? அதைக் கண்டு அந்தப் பெரியவர் திருப்தியடைந்திருக்க வேண்டும். நானாவது அப்படி அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சிலந்தியை மெய்யாகவே அற்றுப்போகச் செய்வது நாமே. புகையான் தோன்றிவிட்டதென்ற பயத்தினால் அவசரப்பட்டுத் தெளிக்கும் மருந்துகளில் பல, புகையானைக் கொல்லுவதைவிட வேகமாகச் சிலந்தியைக் கொல்லுகின்றன. பயிர்த்தண்டின் உட்புறத்தில் வைக்கப்பட்ட புகையானின் முட்டைகளுக்கு அம்மருந்தினால் சேதமில்லை. அவை பொரிந்து வரும்போது வயலில் தடுப்பார் எவருமில்லை. மருந்தடித்த சில வாரத்தில் முன்னிலும் அதிகமாகப் புகையான் கிளம்புவதற்கு இதுவே முக்கிய காரணம். கேரளத்தில் குட்டநாட்டில் 1973-74இல் புகையான் பெருவாரியாகக் கிளம்பிப் பெருஞ்சேதம் விளைவித்ததை வயது சென்றவர்கள் அறிவார்கள். இந்தோனேசியா தேசத்தில் இப்பூச்சியினால் அடுத்தடுத்து நஷ்டங்கள் நேரவே, அந்நாட்டு அரசாங்கத்தார் 1986ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் 57 வகை மருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டார்கள். ஒரு வகைக் குளவியையும் அவர்கள் தடுத்து உத்தரவிடவில்லை.

எப்போது மருந்தடிக்கலாமென்பதற்கு நம் மாகாணத்திலும் ஓர் அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் தென்பட்டால் நடவடிக்கை எடுக்கலாம். நட்ட குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமாயின், தூருக்கு இரண்டு புகையான் வரையில் பொறுத்திருக்கலாம். சிலந்தி இருந்தால் பொறுமைக்கு இரட்டிப்பு இடமுண்டு என்பதே இதன் தாத்பரியம். ஆகவே மருந்து வாங்கக் கடைக்குப் போகுமுன் வயலுக்குள் இறங்கி, இங்குமங்குமாகச் சில குத்துகளை விரித்துப் பார்த்து, புகையானையும் எண்ணவேண்டும், சிலந்தியையும் எண்ணவேண்டும். வரப்பில் நின்று எண்ண முடியாது. இதைச் சொன்னால், "சிலந்தியை எண்ணிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமேது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொந்து பொந்தாகத் தேடி எண்ணெய் ஊற்ற மட்டும் நேரம் எங்கிருந்து வந்ததென்று அவர்களை நான் கேட்பதில்லை. ஏனெனில் அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "குளவி உபத்திரவம்" என்று மனுக்கள் வருகின்றன. குளவி என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணி நடவடிக்கை எடுக்கலாகாது. பனைமரத்திலோ பள்ளிக்கூட ஓட்டிலோ கடந்தை கூடு வைத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. தாமதமின்றித் தீயணைப்பு நிலையத்தாரைக் கொண்டு அகற்றவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. தனியே திரியும் சிலந்திக் குளவிக்கோ காக்கவேண்டிய பெரிய கூடு இல்லாததால், அது மனிதனைத் தேடி வந்து கொட்டுவதில்லை. கையால் பிடித்தாலும் வெறுங்காலால் மிதித்தாலும் கொட்டும். அப்போது வலி கடுமையாகவே இருக்கும். அமெரிக்காவில் பெருஞ்சிலந்திகளை வேட்டையாடும் இக்குடும்பத்துப் பெருங்குளவியின் கொட்டு, பூச்சிகள் கொட்டும் வலிகளை யெல்லாம் தம்மேல் சோதித்துப் பார்த்துத் தரம் பிரித்த ஷ்மிட் என்பவரின் பட்டியலில் மிக உயர்ந்த தரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் சில நிமிஷத்தில் தணிந்துவிடுமாம். அப்பெருங்குளவியை நியூ மெக்ஸிகோ மாகாணத்தார் 1989இல் தங்கள் மாகாணப் பூச்சியாகவே ஏற்றுக்கொண்டார்கள்! நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மனு வந்தால் இடத்தைப் பார்த்து, கூட்டமா தனியா என்று தெரிந்துகொண்டு எழுதினால் போதும்.

வரப்பைச் செதுக்கவேண்டாமென்று நான் சொல்லவில்லை. எலி வளையைப் பார்க்கவும் நீர்க்கசிவை அடைக்கவும் அண்டை வெட்டி அணைப்பது அவசியமே. ஒரே நாளில் எல்லா வரப்பையும் மொட்டையடிப்பதும், புல்லைத் தீயிட்டுக் கொளுத்துவதும்தான் கூடாது. ஒரு பக்கத்து வரப்பைச் செதுக்கி, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபக்கத்தைச் செதுக்கினால், சிலந்திகள் ஒதுங்க இடமிருக்கும். நாற்று நட்ட சில நாட்களுக்கு வயலில் அங்கங்கே சிறு வைக்கோற் கற்றைகளைக் குவித்து வைப்பதும் அவற்றை வயலுக்குள் இறங்கச் செய்யும்.

இந்தப் பருவம் தொடங்குமுன் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய், நான் சொன்னது தவறென்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எண்ணெய் போனது போகட்டும். ஊரார் கொளுத்தியதற்கு என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய கீழண்டை வரப்பில் புல் மறுபடியும் துளிர்த்திருந்தது; அடுத்த மழைக்குப் பின் இருவரும் சேர்ந்து அங்கே சிலந்தியை எண்ணிப் பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.